குறும்பும் கொடுமையும்



இளமைக்குக் குறும்பு அழகு என்பார்கள். நானும் அதை மறுப்பவன் அல்லேன். கோவையில் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற நாளில், நிலவொளியில் ஒரு தோட்டத்துள் நுழைந்து இளநீர் பறித்துக் குடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். தோட்டக்காரர் மறுநாள் விடுதிக்கே வந்துவிட்டார். "கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பேனே சாமி" என்றார். நாங்கள் நாணினோம், அவர் சிரித்தார், பின் நாங்களும் சிரித்தோம். செய்தது தவறுதான், ஆனால் யாருக்கும் மனம் முறியவில்லை.

அதே தோட்டத்தில்தான் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1974ஆம் ஆண்டு, கல்லூரி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கிய ஆழமான கிணறுகள். தோட்டக்காரரின் இசைவோடு அங்கே நீந்தப் போவது எங்கள் வழக்கம். அன்று முதலாண்டு மாணவன் ஒருவனையும் அழைத்துச் சென்றோம். தனக்கு நீந்தத் தெரியாது என்றான் அவன். கோழை என்றார்கள். அவன் கைகூப்பினான். அதைக் கண்டு சிரிப்பு இன்னும் மிகுந்தது. என் நெருங்கிய நண்பன் பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிட்டான். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவன் ஒருமுறை மேலே வந்தான், மறுமுறையும் வந்தான், அப்புறம் வரவில்லை. மோட்டார் அறையிலிருந்து ஓடிவந்த தோட்டக்காரர் குதித்துத் தூக்கியதால் உயிர் தப்பினான். அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியை விட்டுப் போனான். தோட்டக்காரர் எங்களைத் திட்டவில்லை. "ரெண்டு பேரும் சிரிச்சாத்தான் கண்ணு அது வெளையாட்டு. ஒருத்தன் மட்டும் சிரிச்சா அதுக்கு வேற பேரு" என்று மட்டும் சொன்னார்.

'நான் தள்ளவில்லையே' என்று பல்லாண்டுகள் எனக்கு நானே ஆறுதல் கூறிக்கொண்டேன். 1996 நவம்பரில் வந்த ஒரு செய்தி அந்த ஆறுதலைப் பறித்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதலாண்டு மாணவர் நாவரசு, ராகிங் கொடுமையில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கும் விடுதிக்குள் காப்பு இல்லாமற் போயிற்று. குற்றவாளிக்கு விதிக்கப்பட்டிருந்த ஆயுள் தண்டனையை உச்சநீதிமன்றம் 2011இல் மீண்டும் நிலைநாட்டியது.

இக்கொலையை அடுத்துத் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. அதன்படி இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்கவும் வேண்டும். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. ராகிங்குக்குத் துணை நிற்பதும் குற்றம் என்கின்றன அவ்விதிகள்; செய்தவர் இன்னார் என்று அறிய முடியாதபோது கூட்டுத் தண்டனைக்கும் இடம் தருகின்றன. துன்புறும் மாணவர் 1800-180-5522 என்ற எண்ணில் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆனால், சட்டம் வந்து சேர்வதற்குள் ஒருவன் கிணற்றில் மூழ்கிவிடக்கூடும். அவன் பக்கத்தில் முதலில் நிற்பவர்கள் நண்பர்கள்தாம். நட்பு கூடிச் சிரிப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று, நண்பன் வரம்பு கடக்கையில் தடுத்துக் கண்டிப்பதற்காகவும் ஏற்பட்டது என்பது வள்ளுவர் காட்டிய நெறி. பள்ளியில் அதைப் படித்து மதிப்பெண் பெற்றவன் நான். கிணற்று மேட்டில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

வரம்பு எது என்று நீங்கள் கேட்கலாம். ஒருவன் 'வேண்டாம்' என்று சொல்லும் இடமே வரம்பு. அவன் சொல்ல அஞ்சி நிற்பானாயின், அவன் முகமே வரம்பு. அதைக் காண்பதற்குக் கல்வி வேண்டியதில்லை; ஒரு கணம் சிரிப்பை நிறுத்தினால் போதும்.

என் நண்பன் கொடியவன் அல்லன். என் சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை. அன்று நான் 'போதும், விடடா' என்று சொல்லியிருந்தால் அவன் கையை எடுத்திருப்பான். அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த நேரம் வரும்போது, நீங்கள் சொல்லிவிடுங்கள்.