கல்லூரிப் பிள்ளைகளின் காப்பு
(சங்கத்துக் கல்வி நிதி வழங்கு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிதி பெறும் மாணவர்க்கு வாழ்த்துரை கூறுமாறு யாம் பணிக்கப்பட்டோம். அனைவரும் நீடு வாழ்க. எஞ்சிய பொழுதைச் சென்ற ஆண்டு இந்நிதி பெற்று, இவ்வாண்டு இவ்வவைக்கு வாராதொழிந்த ஒரு பெண்ணைக் குறித்துப் பேச இசைவு தருவீராக.

அவள் எம்மிடம் தமிழ் பயின்றவள். வெளியூர்க் கல்லூரியொன்றில் விடுதியில் தங்கிக் கற்று வந்தாள். பேருந்து நிறுத்தத்தினின்று விடுதிக்குச் செல்லும் வழியில் ஒருவன் நாள்தோறும் அவளைப் பின்தொடர்ந்தான். கைப்பேசியிற் படமும் எடுத்தான். நான்கு திங்கள் அவள் ஒருவரிடமும் வாய் திறந்திலள். விடுமுறைக்கு வந்தவிடத்து எம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து எம்மிடம் கூறினாள். கேட்டவுடன் யாம் வினவியது, "அந்நேரத்தில் அவ்வழியே ஏனம்மா போனாய்?" என்பதே. இருபது ஆண்டு பிள்ளைகளோடு பழகிய எம் வாய் முதற்கண் உதிர்த்த சொல் அது. அவள் மேலொன்றும் பேசினாளில்லை. வீட்டாரும் அதனையே வினவினர். பின்னர்ப் படிப்பை நிறுத்திவிட்டனர். பின்தொடர்ந்தவன் அத்தெருவில் இன்றும் உலவுகின்றான் போலும், அடைபட்டவள் இவளே.

பின்தொடர்தல் தானே ஒரு குற்றம் என்பதை அன்று யாம் அவளுக்குக் கூறியிருத்தல் வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா என்னும் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, முதன்முறை அக்குற்றம் புரிந்தார்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23-ஆம் நாள் இரவு நிகழ்ந்த கொடுமையை நீவிர் அறிவீர். வளாகத்தினுட் புகுந்த அயலான் ஒருவன் மாணவியொருத்தியை வன்கொடுமைக்கு உட்படுத்தினான். படம் பிடித்து வைத்திருப்பதாகவும், அதனைப் பிறர்க்குக் காட்டிவிடுவதாகவும் அச்சுறுத்தினான். அப்பெண் வாய் திறவாள் என்பதே அவன் கணக்கு. அவளோ காலந்தாழ்த்தாது முறையிட்டாள்; சில நாள்களுள் அவன் பிடிபட்டான். 2025 மே 28-இல் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனக் கண்டு, ஜூன் 2-இல் வாழ்நாட் சிறை விதித்தது. முப்பதாண்டு கழியுமுன் விடுதலை இல்லை எனவும் வரையறுத்தது.

இடையே மற்றோர் இழிவும் நிகழ்ந்தது. அப்பெண்ணின் அடையாளம் தாங்கிய முதல் தகவல் அறிக்கை பொதுவெளியிற் கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிக்கை எழுதப்பட்ட நடையையும் கடிந்துரைத்து, 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு அரசைப் பணித்தது. மூன்று பெண் காவல் உயரதிகாரிகள் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்புவித்தது. ஆதலின், "ஊரறிந்துவிடுமே" என்று நம் தாய்மார் அஞ்சுவது வெற்றச்சம் என்று யாம் கூறமாட்டோம். ஆயினும், வன்கொடுமைக்குட்பட்டார் பெயரை வெளியிடுவார்க்கு ஈராண்டு வரை சிறை உண்டு என்பதையும் அறிமின்.

அச்சுறுத்துவோன் கையிலுள்ள கருவி யாது? படம் அன்று, அப்படத்தைக் கண்டால் தந்தை என் சொல்வார், தமையன் என் செய்வான் என்னும் பெண்ணின் நடுக்கமே அது. அக்கருவியை அவன் கையிற் கொடுப்பவர் நாமே.

இனிச் செய்யற்பாலன சில. எக்காவல் நிலையத்தும் முறையீடு கொடுக்கலாம். "எம் எல்லை அன்று" என்று மறுத்தல் ஆகாது. 112 என்னும் எண்ணில் காவலரையும், 181-இல் மகளிர் உதவியையும், படங்கொண்டு இணையவழி மிரட்டுவோர் திறத்தில் 1930-ஐயும் அழைக்கலாம். வன்கொடுமை நேர்ந்தவிடத்து, உடுத்த ஆடையைத் துவைத்துவிடாமல் தாளிற் பொதிந்து வைத்தல் வேண்டும். மிரட்டுச் செய்திகளை அழித்தலும் ஆகாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் மருத்துவமும் அளிக்கக் கடமைப்பட்டது. கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று திங்களுள் எழுதிக் கொடுக்கலாம். (மகளிர் விடுதியை மட்டும் பொழுது சாயுமுன் பூட்டிவிட்டுக் காவல் முடிந்தது எனக் கருதும் நிருவாகத்தாரையும் யாம் கண்டுள்ளோம். விளக்கெரியாத பாதையைப் பூட்டு என் செய்யும்?)

ஆண்மக்களைப் பெற்றோர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும், கசக்கினும் பொறுப்பீராக. புதிய மாணவரைத் துன்புறுத்தும் பகடிவதையை நம் மாநிலம் 1997-இலேயே சட்டத்தால் தடுத்தது. ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. நம் இளைஞன் ஒருவன் அதிற் சிக்கியவழி, "நம்மவன் எதிர்காலம் கெடலாமா?" என்று முதல்வரிடம் பரிந்துரைக்கச் சங்கத்துப் பெரியோர் புறப்படுதல் உண்டு. அடிபட்ட பிள்ளைக்கும் எதிர்காலம் உண்டன்றோ? அங்ஙனம் செல்ல எம்மையும் ஒருகால் அழைத்தனர், யாம் உடன்பட்டிலேம். அதனால் ஒரு வீட்டார் இன்றும் எம்முடன் உரையாடுவதில்லை.

அப்பெண்ணின் தந்தையார் இவ்வவையில் அமர்ந்துள்ளார். எம் வினாவிற்கு அவரிடமும் அவளிடமும் பொறுத்தருள வேண்டினோம். கல்லூரியில் அவளை மீண்டும் சேர்த்தற்குரிய விண்ணப்பம் எம் பையில் உள்ளது. நிதிக்குழுவினர் அவள் பெயரை நீக்காது வைத்துள்ளனர். தந்தையார் கையொப்பம் ஒன்றே குறை. கூட்டம் கலைந்தபின் அவரோடு வீடு வரை செல்வதாக இருக்கின்றோம்.