கைப்பேசியும் ஒரு வாசற்கதவே



பிறர் இல்லத்தினுள் ஸலாம் கூறி அனுமதி பெற்றே நுழைய வேண்டும், திரும்பச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என சூரத்துந் நூர் போதிக்கின்றது. மும்முறை கேட்டும் பதில் இல்லையெனில் திரும்புவதே நபிவழி. கைப்பேசியில் அழைப்பதும் கதவைத் தட்டுவதே என்பதை நாம் ஏனோ எண்ணுவதில்லை.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் பகுதி ஊர்களில் பல குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கின்றனர். சுப்ஹு தொழுதுவிட்டுக் காலை 6 மணிக்கு நாம் அழைத்தால் சவூதியில் அப்போது மணி 3.30. இத்தவறை நாமே செய்திருக்கின்றோம். சந்தா ரசீதில் பெயரைச் சரிபார்க்கத்தான் ஒருவரை அழைத்தோம். உறக்கம் கலைந்த குரலில் அவர் கேட்டது: "அத்தாவுக்கு என்ன ஆச்சு, ஹஜ்ரத்?"

அவருடைய அத்தாவோ சற்று முன்னர்தான் நம்முடன் முன் ஸஃப்பில் நின்று தொழுதிருந்தார். அதனைச் சொல்லியும் அவர் பதற்றம் உடனே அடங்கவில்லை. அன்று முதல், குறுஞ்செய்தியில் நேரம் கேட்ட பின்னரே அழைக்கின்றோம்.