பேரிடர் ஓய்ந்த பிறகு



பொதுச் சுகாதாரத்தில் ஓர் அரசு அதிகாரியின் பணியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஜெ. ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொண்டேன். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தவர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபோது தஞ்சாவூர் ஆட்சியர் அவர்தான். அந்த டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்ததும் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். நாடு அவரை அறிந்தது நாகையில்.

எனக்கோ அதன் பிறகு அவர் பார்த்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. 2012 முதல் 2019 வரை சுகாதாரத் துறைச் செயலர். கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 ஜூனில் மறுபடியும் அதே பொறுப்பு. ஓசூரை அடுத்த ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்ட நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் நம் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பதே நம்மில் பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் செயலராக இருக்கும்போதே, 2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. வெள்ளத்தில் படகு அனுப்பும் அதிகாரியைத் தொலைக்காட்சி காட்டும். ஒரு பாட்டிக்கு மாதாமாதம் மாத்திரை தவறாமல் போய்ச் சேர்வதை எந்தக் கேமராவும் காட்டாது. கடினமான வேலை இரண்டாவதுதான் என்பேன்.

முழுப் பெருமையையும் செயலருக்கே கொடுத்துவிடவும் கூடாது. செயலர்கள் மாறுவார்கள், இவரும் 2022-இல் வேறு துறைக்குப் போனார். அமைப்புதான் நிலைக்கும். 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் சென்னை. சிகிச்சைக்கான இயக்குநரகங்கள் வேறு, நோய்த்தடுப்புக்குத் தனி இயக்குநரகம் என்று இன்றுவரை வைத்திருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, மாவட்டச் சுகாதார அதிகாரியாக உயர்ந்து, பெயர் தெரியாமலே ஓய்வு பெறும் மருத்துவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் இல்லாவிட்டால் சாமனப்பள்ளி ஒரு நாள் விழாவோடு முடிந்திருக்கும். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது.

ஆனால் நம் ஓசூரில் ஒரு சிக்கல். மாத்திரைப் பையோடு திட்டத்தின் தன்னார்வலர் வரும் நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது. கணவன் காலை ஷிப்டில், மனைவி ரோஜாத் தோட்டத்தில். ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கும் ஒடிசா, பீகார் இளைஞர்களுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதை யார் பார்த்துச் சொல்வது? 2024-இல் பரிசோதனையை ஆலைக்குள்ளேயே கொண்டுபோகும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அதற்கு ஆலைக் கதவு திறக்க வேண்டும். ஆலை நடத்துவோர் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் சேர்த்து, சம்பளம் பிடிக்காமல், ஷிப்டுக்குள் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.