பொம்மையும் ஒரு கருவி

வளர்ந்தவர் ஒருவரிடம், “மேலே பாருங்கள், இவ்வெழுத்தைப் படியுங்கள்” என்றால் உடனே செய்துவிடுவார். இரண்டு வயதுக் குழந்தையிடம் அவ்வாறு கூறிப் பயனில்லை. மருத்துவரைக் கண்டதும் அது தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்ளும். அழுகின்ற கண்ணைச் சோதிப்பது அரிது. இறுக மூடிய கண்ணைச் சோதிப்பதோ இயலாது. ஆதலால், குழந்தையின் கவனத்தை வேறொன்றில் ஈடுபடுத்திவிட்டு எங்கள் வேலையைச் செய்கிறோம்.

இதனை வெறும் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. குழந்தையின் எதிரே ஒரு பொம்மையை மெல்ல நகர்த்தினால், கண்கள் அதனைத் தொடர்கின்றனவா என்று அறியலாம். இதற்குக் கிலுகிலுப்பை உதவாது. ஓசை கேட்டும் குழந்தை திரும்பிவிடுமல்லவா? அது பார்த்துத் திரும்பிற்றா, கேட்டுத் திரும்பிற்றா என்பது எங்ஙனம் விளங்கும்? பொம்மையை எங்கே காட்டுவது என்பதிலும் அறிவியல் உண்டு. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணின் வில்லை தடித்துவிடுகிறது. அந்நிலையில் மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுத்தால் கணக்குத் தவறும். ஆகவே, அளவெடுக்கும்போது தொலைவில் அசையும் படமொன்றைக் காட்டுகிறோம். வில்லையின் இயக்கத்தைச் சிறிது நேரம் தளர்த்தும் சொட்டு மருந்தும் இடுகிறோம்.

நான் பயிற்சி பெற்றுவந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைச் சோதிக்க வேண்டியிருந்தது. அவளுடைய இடக்கண்ணை என் கையால் மறைத்தேன். கையைத் தட்டிவிட்டு வீறிட்டு அழுதாள். “பிடிவாதக்காரி” என்று முடிவு செய்து, வேறொரு நாள் வருமாறு கூறி அனுப்ப முற்பட்டேன். அருகிலிருந்த மூத்த செவிலியர், “சற்றுப் பொறுங்கள், டாக்டர்” என்று சொல்லித் துணிப்பொம்மை ஒன்றை விரலில் மாட்டி ஆட்டினார். அழுகை ஓய்ந்தது. இம்முறை வலக்கண்ணை மறைத்தேன். சிறுமி பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். மீண்டும் இடக்கண்ணை மறைத்ததும் சிரிப்பு மறைந்தது. கழுத்தை வளைத்து, என் கையைத் தாண்டிப் பார்க்க முயன்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வலக்கண்ணில் அவளுக்குப் பார்வை மிகக் குறைவு. நான் மறைத்தது அவளிடமிருந்த ஒரே நல்ல கண்ணை! அவள் செய்தது பிடிவாதமன்று. விளக்கிச் சொல்லத் தெரியாத வயதில் தன் குறையை அழுகையால் உணர்த்தினாள். நான்தான் உணரவில்லை.

ஒரு கண் தெளிவாகக் காணாவிடின், அது தரும் செய்தியை மூளை புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. இதனைச் ‘சோம்பேறிக் கண்’ என்பர். ஏழெட்டு வயதுக்குள் தக்க கண்ணாடி அணிவித்து, தேவையானால் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தால், பெரும்பாலும் பார்வை மேம்படும். காலம் தாழ்த்தினால் பயன் குறையும். அன்று அச்சிறுமியை நான் திருப்பி அனுப்பியிருந்தால், அவளுடைய பெற்றோர் மீண்டும் வந்திருப்பார்களா என்பதை யார் அறிவார்?

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்துச் சிறு குழந்தைகளை, “டாக்டர் ஊசி போட்டுவிடுவார்” என்று அச்சுறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, குழந்தைக்கு விருப்பமான பொம்மை ஒன்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் மேசைமீதுள்ள கருவிகளோடு அதற்கும் ஓர் இடம் உண்டு.