பாடியவர் யார் என்று கேட்க வைக்கும் பாட்டு

ஒரு பாட்டு நமக்குப் பிடித்துவிட்டால் வாயில் வரும் முதல் கேள்வி, 'இது எந்தப் படம்?' என்பதுதான். கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கோ ஹட்டனுக்கோ போகும் தனியார் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கேட்பவற்றில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். பொருந்தாத சில பாட்டுகளைப் பற்றியே இன்று பேச வந்தேன். பொப் பாடல், துள்ளிசை, அல்பம் பாட்டு என்று காலத்துக்கு ஒரு பெயர் சொல்லி வந்திருக்கிறோம். சினிமாப் பாட்டுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு கிட்டாரிலோ தாளத்திலோ இல்லை. இரண்டும் ஒரே வாத்தியங்களைத்தான் பயன்படுத்துகின்றன. வேறுபாடு குரலின் உரிமையில் இருக்கிறது என்பது என் கருத்து. சினிமாப் பாட்டை எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் இன்னொருவர். பாட்டில் வரும் 'நான்' இந்த நால்வரில் எவரும் அல்ல, கதையில் வரும் ஐந்தாவது ஆள். பொப் பாட்டின் 'நான்' பெரும்பாலும் மைக்கின் முன்னால் நிற்பவரே. வேஷம் போட்டாலும் அது அவரே போட்டுக்கொண்ட வேஷம்.

இலங்கைத் தமிழ்ப் பொப் இசை 1960களின் இறுதியிலும் 70களிலும் எழுந்தது. யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். இன்னும் பலர் பின்தொடர்ந்தார்கள். தாளம் பைலாவிலிருந்து வந்தது, பேச்சு வீட்டு முற்றத்திலிருந்து வந்தது. 1970 முதல் 77 வரை இருந்த ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இந்தியப் படங்களும் சஞ்சிகைகளும் தாராளமாக வருவதைக் குறைத்ததும் உள்ளூர்க் கலைக்கு இடம் திறந்தது. அதைவிட முக்கியமான காரணம் வானொலி. இங்கே கண்டி நேயர்களுக்கு ஒரு தகவல். 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். அந்தப் படையினருக்காக இயங்கிய ரேடியோ சியாக் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தபோது அதன் சக்திவாய்ந்த சிற்றலைக் கருவிகளும் கூடவே வந்தன. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது, அந்தப் பாட்டுகளை இந்தியா முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கருவிகளைப் பெற்ற ரேடியோ சிலோன். சினிமாப் பாட்டுக்கு அவ்வளவு பெரிய ஊதுகுழலாக இருந்த அதே நிலையம், படம் எதுவும் இல்லாத உள்ளூர்ப் பாட்டையும் பாடகரின் பெயரைச் சொல்லி ஒலிபரப்பியது. படத் தயாரிப்பாளரின் தயவில்லாமல் ஒரு பாடகர் நாடறிந்தவராக அதுவே போதுமாக இருந்தது.

பிறகு சினிமா இந்தப் பாட்டுகளைத் தேடி வந்தது. 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்துக்குள் போனது. இசை இளையராஜா, குரல் மலேசியா வாசுதேவன். சிலோன்காரரின் பாட்டு, மலேசியாவிலிருந்து சென்னைக்கு வந்தவரின் குரலில், யாரோ ஒரு நடிகரின் வாயசைப்புக்குப் போய்ச் சேர்ந்த விந்தையைக் கவனியுங்கள். பாட்டு நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மனோகரனுடைய 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் கலந்து வருவது கொழும்பு, கண்டிச் சந்தையின் சாதாரணப் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் வாழ்கிறவர் அதைப் பாடுகிறார். படத்தில் அதே கலப்பு ஒரு வெளியூர் வேடிக்கையாகிவிடுகிறது. மனோகரனும் பின்னர் சென்னை சென்று சிலோன் மனோகர் என்ற பெயரில் படங்களில் நடித்தார். கிடைத்தவை பெரும்பாலும் வில்லன் பக்கத்து வேடங்கள். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். மேடையில் தானாக நின்றவருக்குத் திரையில் கிடைத்தது பக்கவாட்டு இடம். இதே பாதையில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு இலங்கைப் பாட்டு போனது. சதீஷன் ரத்நாயக்க 2020இல் வெளியிட்ட 'மெனிகே மகே ஹிதே' 2021இல் யொஹானியின் குரலில் உலகம் சுற்றியது. 2022இல் 'தேங்க் காட்' என்ற இந்திப் படத்தில் புதிய உருவில் வந்தது. இம்முறை யொஹானியின் குரலையும் படம் சேர்த்துக்கொண்டது. யூடியூப் காலத்தில் ரசிகர்கள் பாடியவரின் முகத்தையும் பார்த்துவிட்டார்கள்; அதனால் குரலை மட்டும் கழற்றி எடுப்பது முன்புபோல் எளிதல்ல.

சினிமா எடுத்துக்கொண்டதால்தானே இவை பரவின என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பரவின, மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: இரண்டும் புகழடைந்த பிறகே படத்துக்குள் போயின. இன்னொரு குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. இந்தப் பொப் பாட்டெல்லாம் கலியாண வீட்டுக் கும்மாளம். கண்ணதாசனும் விஸ்வநாதனும் தந்த ஆழம் இதில் ஏது? உண்மைதான், சோகத்தைத் தாங்கும் வலு அந்த 70களின் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் இல்லை. இலங்கை மண்ணின் எத்தனையோ துன்பங்கள் அதற்குள் வரவேயில்லை. குறிப்பாக, கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் வாழும் தமிழரின் வாழ்க்கை அதில் இல்லவே இல்லை. அது யாழ்ப்பாணமும் கொழும்பும் மட்டக்களப்பும் பாடிய இசை.

இந்த மலைகளில் பாட்டு இல்லாமலா இருந்தது? தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மலைநாடு முழுவதற்குமே கண்டிச்சீமை என்றுதான் பெயர். பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு, கொழுந்து மலையில் கங்காணியைக் கேலி செய்யும் தெம்மாங்கு, லயத்தில் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, மாசியில் காமன் கூத்து. சி.வி. வேலுப்பிள்ளை இவற்றைத் திரட்டி 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். நான் சொல்லும் குரல் உரிமை இந்தப் பாட்டுகளில்தான் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒப்பாரி வைக்கும் பெண் இன்னொருவரின் துக்கத்துக்கு வாயசைக்கவில்லை. செத்தது அவள் புருஷன், அல்லது அவள் பிள்ளை. ஆனால் இந்தப் பாட்டு வானொலிக்கு அபூர்வமாகவே வந்தது. இசைத்தட்டுக்கு வரவில்லை என்றே சொல்லலாம். தோட்டத்தைத் திரையில் காட்ட முயன்றவர்கள் உண்டு. 1960களின் முற்பகுதியில் 'தோட்டக்காரி' வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார், பின்பு 'நான் உங்கள் தோழன்' எடுத்தார். தலைப்பைப் பார்த்தாலே எம்.ஜி.ஆர். பாணி புலப்படும். லயத்து வாழ்க்கை திரைக்கு வந்தபோதும் சென்னைப் படத்தின் அச்சில்தான் வார்க்கப்பட வேண்டியிருந்தது.

எம்.ஜி.ஆர். பெயரை எடுத்தவுடன் ஒரு வலுவான ஆட்சேபம் எழும். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் அவர். அவருக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டுகளைத் தோட்டத்து மக்கள் தங்கள் பாட்டாகவே பாடினார்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலும் தேர்தல் மேடையிலும் அவை அவர்களுடைய கோபத்தையும் நம்பிக்கையையும் சுமந்தன. இரவல் குரலும் சொந்தமாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வேண்டாம். கேட்பவர் ஒரு பாட்டைத் தமதாக்கிக்கொள்ள முடியும், அது பெரிய விஷயம். ஆனால் அது கேட்பவரின் திறமை. அந்தப் பாட்டின் வழியாகச் சென்னையில் இருப்பவர் எவரும் ஹட்டன் கொழுந்துக்காரியைக் கேட்கவில்லை. போக்குவரத்து ஒருவழியாகவே இருந்தது.

மறுவழி 2021 மார்ச்சில் திறந்தது. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' படப் பாட்டு அல்ல, ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவில் தொடங்கப்பட்ட மாஜா என்ற நிறுவனம் வெளியிட்ட தனிப்பாட்டு. அதை எழுதிய அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நாடு திரும்ப அனுப்பப்பட்டவர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்ததே, அந்தக் கணக்கில் ஓர் ஆள். பாட்டின் பின்பகுதி அப்படியே ஒப்பாரியின் நடை. யூடியூபில் நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு படத்தில் இது வந்திருந்தால் பாட்டிக்கு ஒரு கதாபாத்திரம் தேவைப்பட்டிருக்கும், கதாநாயகனுக்கு அவளோடு ஓர் உறவு, பாட்டுக்கு முன்னால் ஒரு காட்சி. பேரன் தன் பாட்டியைப் பற்றித் தானே சொல்வதற்கு இவை ஒன்றும் தேவைப்படவில்லை.

என் வாதத்துக்கு மிகப் பெரிய சான்று அந்தப் பாட்டின் வெற்றியில் இல்லை, அதன்பின் எழுந்த சச்சரவில் இருக்கிறது. 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடியக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார், பின்னர் அவ்விதழ் அறிவையும் அட்டையில் போட்டது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதே பாட்டைப் பாடினார்கள். அப்போதும் அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அது சரியாகவே இருக்கலாம். யார் பக்கம் நியாயம் என்பது என் விடயம் அல்ல. நான் கவனிப்பது ஆயிரக்கணக்கானோர் கேட்ட கேள்வியை: இந்தப் பாட்டை இவர் இல்லாமல் எப்படிப் பாடலாம்? சினிமாப் பாட்டுக் கச்சேரிகளில் ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடுவது அன்றாடம் நடக்கிறது. பாடலாசிரியர் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. இங்கே கேட்டார்கள் என்றால், இந்தப் பாட்டின் 'நான்' கழற்றி மாட்டக்கூடியதல்ல என்று ரசிகர்களுக்கே தெரிந்திருந்தது.

அறிவும் இரவல் குரல்தானே, தன் பாட்டியின் துக்கத்தைத்தானே பாடினார் என்று ஒருவர் மடக்கலாம். பின்னால் நின்றதும் ஒரு நிறுவனம்தான், கணக்கு வழக்குத் தகராறு அங்கேயும் வந்தது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அல்பம் என்றாலே சுதந்திரம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அறிவு யாரிடமிருந்து எடுத்தார் என்பதைப் பெயர் சொல்லி, உறவு சொல்லிச் சொன்னார். வேலுப்பிள்ளை திரட்டிய பாட்டுகளுக்கு, நாட்டார் பாடலின் இயல்புப்படி, பாடியவர் பெயர் கிடையாது. இன்று கண்டி, மாத்தளை, கம்பளைப் பக்கத்து இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பாட்டுப் பதிந்து வெளியிடுகிறார்கள். அவர்களில் பலர் இன்னமும் படப் பாட்டைத்தான் பாடிப் போடுகிறார்கள். அவர்கள் வீட்டிலேயே தெம்மாங்கு தெரிந்த அப்பாயியோ அம்மாயியோ இன்னும் இருக்கக்கூடும். அந்தக் குரலைப் பதியும்போது பாடியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் கீழே எழுதிவிட்டால், பின்னொரு நாள் ஒரு படக்காரர் அந்த மெட்டைத் தேடி வரும்போது யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.