வீடு பார்க்கும் முன் பள்ளிக்கூடம்

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் வருமா, அட்வான்ஸ் எவ்வளவு என்றுதான். ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை இருந்தால், முதலில் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலாக, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தரவேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் என்ற தூரக் கணக்கு உண்டு. அதனால்தான் வீட்டு முகவரி அவ்வளவு முக்கியம்.

மாநகராட்சிப் பள்ளியை ஒதுக்கிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை அங்கே காலை உணவும் உண்டு. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் அளவு. அங்கே எப்படி என்று தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய்மார்களிடமும் விசாரியுங்கள். பிள்ளை கடக்கவேண்டிய சாலையைக் காலை எட்டரை மணிக்கு நீங்களே நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.