கார்த்திகைப் புயலுக்குப் புரட்டாதியிலே காப்பு

(காலபோக விதைப்புக்கு முன் கூடிய கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கமக்காரப் பெருமக்களே,

புயல் என்றதும் அதை விதியின் செயலென எண்ணிக் கைகட்டி நிற்பது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. காற்றைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது என்பது உண்மையே. ஆயினும் அக்காற்று வரும்போது நமது பயிர் எந்த வயதில் நிற்கும், வெள்ளம் எவ்வழியாக வெளியேறும், விதைநெல் எங்கே இருக்கும் என்பவை நமது கையில் உள்ளவை. இவற்றைத் தீர்மானிக்கும் மாதம் கார்த்திகை அன்று, புரட்டாதியே. இன்று நான் உங்களுக்குக் கூற விரும்புவது இதுவே.

நமது வடக்கு, கிழக்குப் பகுதிகளைத் தாக்கிய பெருங்காற்றுகளை எண்ணிப் பாருங்கள். திருகோணமலைப் பக்கமாக நுழைந்து பின்னர் தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசெம்பரில் வந்தது. மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளி 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசியது. 2000 டிசெம்பரில் மீண்டும் திருகோணமலை தாக்கப்பட்டது. 2008 நவம்பரில் 'நிசா' யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசெம்பரில் 'புரெவி'யும், 2024 நவம்பரில் 'பெங்கல்' புயலோடு வந்த மழையும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா'வும் வந்தன. இவை யாவும் கார்த்திகை, மார்கழி என்னும் இரு மாதங்களுள் அடங்கியிருத்தலைக் கவனிக்கவும். எந்த ஆண்டில் வரும் என்று கூற முடியாத பகைவன், எந்த மாதத்தில் வருவான் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கின்றான்.

இதனோடு மற்றொன்றையும் மனங்கொள்ளுதல் வேண்டும். காற்றின் வெப்பம் ஒரு சதம பாகை உயருமாயின், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கூடுகின்றது. ஆகவே மழை பெய்யும்போது ஒரே வீச்சிற் கொட்டுவதற்கு இடமுண்டு. 2016ஆம் ஆண்டுக் காலபோகத்தில் மழை பொய்த்து வயல்கள் தரிசாகக் கிடந்தன. 2011 ஜனவரியிலோ, கிழக்கில் அறுவடைக்கு நின்ற நெல் வெள்ளத்தில் அழிந்தது. முன்னோர் நாட்பார்த்து விதைத்த ஒழுங்கை மட்டும் நம்பியிருப்பது இக்காலத்திற்குப் போதாது. நாளோடு கணக்கும் வேண்டும்.

விதைப்புக் கணக்கு

நெற்பயிருக்கு ஆபத்தான வேளைகள் மூன்று. முதலாவது, முளைக்கும் வேளை. நீரில் மூழ்கிய முளை, காற்றின்றி மூச்சடைத்து அழுகும். இரண்டாவது, பூக்கும் வேளை. கடும் மழையிலும் காற்றிலும் மகரந்தம் கழுவுண்டு போக, கதிர் பதராகும். மூன்றாவது, முற்றிய வேளை. சாய்ந்த கதிர் நீரிற் கிடந்து முளைத்துவிடும். இம்மூன்றுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது மட்டம் வெடித்து முழங்காலளவு நிற்கும் பயிர், வெள்ளத்தை நன்கு தாங்கும். இலைநுனி நீருக்கு மேல் நிற்குமாயின் அது பல நாட்கள் பிழைக்கும். முற்றாக மூழ்கி ஒரு வாரம் கடந்தாற் பெரும்பாலும் அழுகிவிடும்.

இப்பொழுது நாட்களை எண்ணுவோம். புரட்டாதியில் புழுதி விதைப்புச் செய்து, ஐப்பசி முதலாம் வாரத்து மழையில் முளைத்த பயிர், கார்த்திகை நடுப்பகுதியில் 40 நாட் பயிராக வேரூன்றி நிற்கும். பீ.ஜீ. 352, ஏ.ரி. 362 போன்ற மூன்றரை மாத இனமாயின், தை நடுப்பகுதியில் அறுவடைக்கு வரும். இதுவே நன்று.

ஐப்பசி இறுதியில் விதைப்பவரின் நிலை வேறு. அவரது நெல் முளையாக இருக்கும்போதே புயற்காலம் வந்துவிடும். அவரும் மூன்றரை மாத இனத்தையே விதைப்பாராயின் அறுவடை மாசி நடுவிற்குச் செல்லும். மானாவாரி வயலாயின் கதிர் பால்பிடிக்கும் வேளையில் நீர் போதாமற் போகும். முன்னே வெள்ளத்திலும் பின்னே வறட்சியிலும் அகப்படும் வயல் இதுவே. ஆகவே பிந்தியவர்கள் பீ.ஜீ. 300 போன்ற மூன்று மாத இனத்தையோ, 80 நாட்களளவில் விளையும் பீ.ஜீ. 250 இனத்தையோ தெரிந்துகொள்ளுதல் வேண்டும். தாழ்ந்த வயலை முந்தியும் மேட்டு வயலைப் பிந்தியும் விதைக்க. உள்ள நிலம் முழுவதையும் ஒரே இனத்தால், ஒரே நாளில் விதைத்தல் ஒரே மழைக்கு எல்லாவற்றையும் பணயம் வைப்பதாகும். குளத்து நீரை நம்பும் வயல்களுக்குப் போகக் கூட்டத்தில் தீர்மானிக்கும் திகதிகளை மீறலாகாது.

விதைநெல்லை முழுவதும் வயலில் இட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 2 புசல் என்ற அளவில் விதைத்து, மீள்விதைப்புக்கெனக் குறுங்கால இனத்தில் ஒரு பங்கை உலர்த்திக் கட்டிப் பரணில் வைத்துக்கொள்க. 100 மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, 85 மணிகளுக்குக் குறையாமல் முளைக்கின்றனவா எனப் பார்த்தறிக. வெள்ளத்தின் பின் கடனுக்கு விதை தேடி அலைவோரின் துயரத்தை நீங்கள் அறிவீர்கள். நகையை ஈடுவைத்து வாங்கிய விதை முளைக்காமற்போன வீடுகளும் உண்டு.

வடிகால்

அடுத்து வடிகாலைப் பற்றிச் சிறிது கடுமையாகவே பேசவேண்டியிருக்கின்றது. பாசன வாய்க்காலைத் துப்புரவு செய்ய எல்லோரும் வருகின்றோம். ஏனெனில் அது நமக்கு நீர் கொண்டுவருகின்றது. வடிகாலைத் துப்புரவு செய்ய வருவோர் சிலரே. ஏனெனில் அது அயலவனின் நீரைக் கொண்டுபோகின்றது. அன்றியும் போகத்திற்கு ஒரு சாணாக வரம்பை நகர்த்தி வடிகாலை வயலோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இப்படிக் கிடைத்த ஒரு சாண் நிலத்தில் விளையும் நெல் ஒரு கொத்துக்குமேல் இராது. அதனால் மூழ்குவதோ கீழ்வெளி முழுவதும். பின்னர் நள்ளிரவில் ஒருவர் வரம்பை மற்றொருவர் வெட்டுவதும், மண்வெட்டியோடு சண்டைக்கு நிற்பதும், தலைமுறைப் பகையாவதும் நிகழ்கின்றன.

ஆதலால் புரட்டாதியிலேயே கமக்காரர் அமைப்பின் மூலம் ஒரு நாள் குறித்துச் சிரமதானமாக வடிகால்களையும் மதகுகளையும் துப்புரவு செய்க. பழைய அகலத்தைத் தடியிட்டு அளந்து, வரம்புகளைப் பின்னிழுத்துக் கட்டுக. வெள்ளத்தின்போது எந்த வரம்பை எவர் முன்னிலையில் எவ்வளவு திறப்பது என்பதை மழைக்கு முன்பே பேசி முடிவு செய்க. வெயிற் காலத்தில் ஒப்புக்கொண்டவன் மழைக் காலத்தில் மறுக்க நாணுவான்.

மரக்கறித் தோட்டம்

மிளகாய், கத்தரி, தக்காளி முதலியன நெல்லைப்போன்றவை அல்ல. ஓரிரு நாட்கள் நீர் தேங்கினாலே வேரழுகி வாடிவிடும். நாற்றுமேடையை அரை அடி உயர்த்தி, மூங்கில் வளைவின்மேற் பொலித்தீன் விரித்து மூடுக. மழையற்ற வேளையில் இருபுறமும் திறந்து காற்றோட்டம் அளிக்காவிடின் நாற்றழுகல் நோய் தோன்றும். நாற்றுகளை ஒரே முறையில் எழுப்பாது, இருவார இடைவெளியிட்டு இரு முறையாக எழுப்புக. முதலாவது அழிந்தாலும் இரண்டாவது கைகொடுக்கும். செடிகளை உயர்ந்த பாத்தியில் நட்டுத் தடி ஊன்றிக் கட்டுக. குலை ஈன்ற வாழைக்கு இரு கவர்த்தடிகளால் முட்டுக்கொடுக்க.

எச்சரிக்கை வந்தபின்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ நாள்தோறும் கேளுங்கள். எச்சரிக்கை வந்தபின் செய்யத்தக்கவை சிலவே. முற்றிய மரக்கறிகளையும் வாழைக்குலைகளையும் வெட்டி எடுக்க. வாழையின் இலைகளைக் குறைத்துக் காற்றின் பிடியைத் தளர்த்துக. யூரியா இடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்துக. நெல்மூடைகளைப் பலகைமேல் அடுக்குக. நீரிறைக்கும் இயந்திரத்தையும் கிருமிநாசினிகளையும் உயரத்தில் வைக்க. கிருமிநாசினி வெள்ளத்திற் கலந்து கிணற்றை அடையலாகாது.

கால்நடைகளை மறத்தலாகாது. 2022 டிசெம்பரில் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் பல நூறு மாடுகளைக் கொன்றன. மேட்டு நிலத்திற் காற்றுமறைப்புச் செய்து வைக்கோல் இட்டு வையுங்கள். வெள்ளம் ஏறும் இடத்திற் கட்டிவைத்தல் அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

பெருங்காற்று வீசுகையில் திடீரென அமைதி உண்டாயின் புயல் ஓய்ந்ததென எண்ணி வயல் பார்க்கப் புறப்படாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வீசும். வயலை மறுபோகத்தில் விதைக்கலாம். உயிரை விதைக்க இயலாது. அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள்.

வெள்ளம் வடிந்தபின்

அவசரப்பட்டுப் பயிரை உழுதுவிடாதீர்கள். செடியைப் பிடுங்கிப் பாருங்கள்; அடித்தண்டு உறுதியாகவும் உட்குருத்து வெண்மையாகவும் இருப்பின் அது பிழைக்கும். நீரை வடித்து, இலைகளிற் படிந்த சேற்றைக் கழுவிவிடுக. புதிய இலை தோன்றிய பின்னரே போதனாசிரியரின் அளவுப்படி யூரியாவும் பொற்றாசுப் பசளையும் இடுக. வெளிறிய பயிரைக் கண்டு யூரியாவை அள்ளி வீசினாற் கபிலநிறத் தத்தி பெருகும். இடைவெளிகளை அடர்ந்த இடத்து மட்டங்களைப் பிரித்து நட்டு நிரப்பலாம். முற்றாக அழிந்த வயலை, நீர் வசதி உண்டாயின், மார்கழி பிறக்குமுன் பீ.ஜீ. 250 கொண்டு மீள விதைக்கலாம். அதற்குப் பிந்தினால், நெல்லை விட்டு, எஞ்சிய ஈரத்திற் பயறோ கௌபியோ விதைத்தல் மேல்.

அழிவை உடனே கமநல சேவை நிலையத்தில் அறிவித்துக் காப்புறுதி பற்றிக் கேட்டறிக. அதிகாரி பார்வையிடுமுன் வயலை மாற்றினால் இழப்பை நிறுவுதல் கடினமாகும்.

வெள்ளநீர் நின்ற வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தைப் பெறுக. 2024ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் இந்நோயால் உயிர்கள் மாண்டன. காய்ச்சலோடு தசைநோவு கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் வேலை செய்ததைச் சொல்லுங்கள்.

பெருமக்களே, கூறியவற்றுட் பெரும்பாலானவை பணச்செலவு வேண்டாதவை. நாட்களை எண்ணுவதற்கும், ஒரு மூடை விதையைப் பரணில் ஏற்றுவதற்கும், அயலவனோடு சேர்ந்து வடிகாலை வெட்டுவதற்கும் கடன்பட வேண்டியதில்லை. ஐயம் உள்ளோர் உங்கள் பகுதிப் போதனாசிரியரை நாடுங்கள். அல்லது 1920 என்ற இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தைக் கேளுங்கள். வடிகாற் சிரமதானத்திற்கு நாள் குறிக்காமல் இக்கூட்டத்திலிருந்து கலைந்து செல்லற்க என்று வேண்டிக்கொள்கின்றேன்.